பிரிட்ஜ் ஏலத்தில் மாறும் விதிகள்: எதையும் பேசலாம், ஆனால் எதிரணிக்கும் புரியணும்!

மேஜையைச் சுற்றி நான்கு பேர். எதிரே உட்கார்ந்திருக்கும் பார்ட்னர் ‘2 நோ ட்ரம்ப்’ என்று ஏலத்தைத் தொடங்குகிறார். 20, 21 பாயிண்ட் உள்ள கனமான கை. அதை ‘1 நோ ட்ரம்ப்’ என்று அவசரத்தில் எடுத்துக்கொண்டவர், ஏலப் பெட்டியிலிருந்து ‘2 கிளாவர்’ அட்டையை உருவி மேஜையில் வைத்துவிடுகிறார். “உன்னிடம் 4 ஹார்ட்ஸோ 4 ஸ்பேடோ இருக்கா?” என்று பார்ட்னரைக் கேட்பதுதான் அவர் நோக்கம். ஆனால், ஏலத்தில் முன்னவர் சொன்னதற்குக் கீழே போக முடியாதே! எதிரணியிலிருந்து ஒரு குரல் எழுகிறது: “டைரக்டர்!”

இதே தவறு 2000-களின் தொடக்கத்தில் நடந்திருந்தால், அந்தக் கை அநேகமாக அங்கேயே பாழாகியிருக்கும். அவர் ‘3 கிளாவர்’ என்று திருத்திச் சொன்னால், பார்ட்னர் அந்த ஏலம் முடியும்வரை பாஸ் மட்டும்தான் சொல்ல முடியும். கேள்வி கேட்டாச்சு, பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. வேறு வழியின்றி ‘3 நோ ட்ரம்ப்’ என்றோ ‘4 ஸ்பேட்’ என்றோ குத்துமதிப்பாக ஒன்றைச் சொல்லிவிட்டு, மேலே பார்த்துக் கும்பிட வேண்டியதுதான்.

இன்று அப்படியில்லை. டைரக்டர் வருகிறார், விசாரிக்கிறார், ‘3 கிளாவர்’ என்று மாற்ற அனுமதிக்கிறார். அதே கேள்விக்கு பார்ட்னர் பதில் சொல்கிறார். ஆட்டம் எதுவும் நடக்காததுபோல் தொடர்கிறது.

சின்ன விஷயம்தான். ஆனால், இந்த மாற்றத்துக்குப் பின்னால் பிரிட்ஜ் உலகம் பல பத்தாண்டுகளாக அடித்துக்கொள்ளும் பெரிய கேள்வி இருக்கிறது. ஏலத்தில் ஒரு ஜோடி என்ன மொழி பேசலாம்? அது எதிரணிக்கு எவ்வளவு புரிய வேண்டும்? தவறினால் என்ன தண்டனை? இந்த மூன்றுக்கும் சரியான பதில் கிடைக்காவிட்டால், புதிதாக ஆட வருபவர்கள் இரண்டாம் வாரமே வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

முதலில், ஏலம்னா என்ன?

‘28’ ஆடியவர்களுக்கு ஏலம் புதிதல்ல. பிரிட்ஜிலும் அடிப்படை அதேதான். 52 சீட்டு, ஆளுக்கு 13, எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரு ஜோடி. மொத்தம் 13 பிடிகள். எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்பதை ஏலத்தில் சொல்லி ஒப்பந்தம் பிடிக்க வேண்டும். ‘1’ என்றால் 7 பிடி, ‘4’ என்றால் 10 பிடி, ‘7’ என்றால் 13-ம் நமக்கே. கிளாவர், டைமண்ட், ஹார்ட்ஸ், ஸ்பேட், துருப்பே இல்லாத நோ ட்ரம்ப் என்று ஐந்து வகை. ஆக 7 படி, 5 வகை, மொத்தம் 35 ஏலங்கள். கூடவே பாஸ், டபுள், ரீடபுள். அவ்வளவுதான் அகராதி: 38 சொற்கள்.

இந்த 38 சொற்களை வைத்துக்கொண்டு விவரிக்க வேண்டிய கைகள் எத்தனை தெரியுமா? ஒருவருக்கு வரக்கூடிய 13 சீட்டுக் கைகள் மட்டும் 63,500 கோடிக்கும் அதிகம். அதனால்தான் ஒவ்வொரு ஏலத்துக்கும் ஜோடிகள் தங்களுக்குள் ஓர் அர்த்தம் வைத்துக்கொள்கின்றன. சில ஏலங்கள் சொன்னதைச் சொன்னபடியே குறிக்கும். ‘1 ஸ்பேட்’ என்றால் ஸ்பேட் நிறைய இருக்கிறது என்று பொருள். சில ஏலங்கள் முழுக்கக் குறியீடு. மேலே பார்த்த ‘2 கிளாவர்’ அப்படிப்பட்டது. கிளாவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த முறையைப் பரப்பியவர் பெயராலேயே அது ‘ஸ்டேமன்’ என்று அழைக்கப்படுகிறது.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. மொழி எப்படி வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அது ரகசியமாக இருக்கக் கூடாது. எதிரணி கேட்டால் ‘இந்த ஏலத்துக்கு எங்களுக்குள் இதுதான் அர்த்தம்’ என்று சொல்லியாக வேண்டும். பிரிட்ஜின் நேர்மை மொத்தமும் இந்த ஒரு வரியில்தான் நிற்கிறது.

யார் விதி போடுவது?

இன்று ஆடப்படும் கான்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை 1925-ல் ஒரு கப்பல் பயணத்தின்போது வடிவமைத்தவர் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஹெரால்டு வாண்டர்பில்ட். 1958-ல் உலக பிரிட்ஜ் கூட்டமைப்பு உருவானது. போட்டி பிரிட்ஜுக்கான சட்டப் புத்தகம் 1987, 1997, 2007, 2017 என ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகிறது.

இதில் இரண்டு அடுக்கு இருப்பதைக் கவனிக்க வேண்டும். ‘முறை தவறி ஏலம் சொன்னால் என்ன செய்வது’ போன்றவை உலகம் முழுக்க ஒரே சட்டம். ஆனால், ‘எந்தெந்தக் குறியீட்டு ஏலங்களை அனுமதிக்கலாம்’ என்பதை அந்தந்தப் போட்டியை நடத்தும் அமைப்புகளே முடிவு செய்யலாம். சட்டப் புத்தகத்தின் 40-வது விதி அவர்களுக்கு அந்த அதிகாரத்தை ஏறக்குறைய கட்டுப்பாடின்றி வழங்குகிறது. குழப்பத்தின் ஊற்றுக்கண்ணும் இதுதான்.

தப்புக்குத் தண்டனையா, திருத்தமா?

குறைவாக ஏலம் சொல்வதைப் பற்றிப் பேசுவது 27-வது விதி. முதல் உரிமை இடப்புறம் இருக்கும் எதிராளிக்கு. “பரவாயில்லை, அந்த 2 கிளாவர் அப்படியே இருக்கட்டும்” என்று அவர் ஏற்றுக்கொண்டால் ஏலம் அங்கிருந்தே தொடரும். அவர் ஏற்காதபோதுதான் திருத்தம்.

பழைய விதி ஒரு எளிய சந்தேகத்தின் மேல் கட்டப்பட்டது. குறியீட்டு ஏலத்தில் தவறு நடந்தால், சரியானது, தவறானது என்று இரண்டு ஏலங்களின் செய்தி பார்ட்னருக்குப் போய்விடும். அந்தக் கூடுதல் தகவலைப் பயன்படுத்த முடியாதபடி பார்ட்னரின் வாயைக் கட்டிவிடு. நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால், மேலே பார்த்த உதாரணத்தில் கூடுதல் தகவல் என்று எதுவும் கிடையாது. 2 கிளாவரிலும் அதே கேள்விதான், 3 கிளாவரிலும் அதே கேள்விதான். இல்லாத குற்றத்துக்கு முழுத் தண்டனை.

2007 சட்டம் இதை முதன்முறையாகத் தளர்த்தியது. மாற்றிச் சொல்லும் ஏலம், முதலில் சொன்னதன் அதே அர்த்தத்தையோ, அதைவிடத் துல்லியமான அர்த்தத்தையோ தந்தால் தண்டனை இல்லை என்றது. நல்ல எண்ணம்தான், ஆனால் வார்த்தை இறுக்கமாக இருந்தது. 1 நோ ட்ரம்புக்கு 2 கிளாவர் சொல்ல ஏறத்தாழ 8 பாயிண்ட் வேண்டும். 2 நோ ட்ரம்புக்கு 3 கிளாவர் சொல்ல 4, 5 பாயிண்ட் போதும். ‘அப்படியானால் இரண்டும் ஒரே அர்த்தமா?’ என்று டைரக்டர்கள் தலையைச் சொறிந்தார்கள். கொஞ்சம் தாராளமாகவே பொருள் கொள்ளலாம் என்று உலக அமைப்பின் சட்டக் குழுவே பின்னர் சொல்ல வேண்டியதாயிற்று.

2017-ல் வந்த 23-வது விதி இதை நேரடியாக எதிர்கொண்டது. ‘ஒப்பான அழைப்பு’ என்ற புதிய கருத்து அதில் சேர்க்கப்பட்டது. கீழே உள்ள மூன்றில் ஒன்று பொருந்தினால் போதும்:

• புதிய ஏலம் பழையதன் அதே அல்லது கிட்டத்தட்ட அதே அர்த்தத்தைத் தர வேண்டும்.
• அல்லது, பழைய ஏலம் குறித்த கைகளில் ஒரு பகுதியை மட்டும் குறிக்க வேண்டும்.
• அல்லது, இரண்டுக்கும் நோக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். கேள்வி கேட்கும் ஏலங்கள் இந்த வகை.

முறை வரும் முன்பே ஏலம் சொல்லிவிடுபவர்களுக்கும் இதே அளவுகோல்தான். உதாரணமாக, பார்ட்னர் சொல்ல வேண்டிய நேரத்தில் ஒருவர் முந்திக்கொண்டு ‘பாஸ்’ போட்டுவிடுகிறார். ‘ஏலத்தைத் தொடங்கும் அளவுக்கு என்னிடம் கை இல்லை’ என்று அதற்கு அர்த்தம். அந்த பாஸ் ரத்தாகிறது. பிறகு பார்ட்னர் ‘1 ஸ்பேட்’ என்று தொடங்க, முந்திக்கொண்டவர் 6 முதல் 9 பாயிண்ட் வரை காட்டும் ‘1 நோ ட்ரம்ப்’ சொல்கிறார். தொடங்க முடியாத கைகளில் ஒரு பகுதிதான் இது. எனவே ஒப்பான அழைப்பு, தண்டனை இல்லை. அவரே வலுவான கையைக் காட்டும் ஏலத்தைச் சொன்னால் கதை வேறு. அப்போது பார்ட்னர் தன் அடுத்த முறையில் பாஸ் சொல்லியே ஆக வேண்டும்.

‘அப்போ தப்பு செய்றவனுக்கு லாபமா?’ என்று கேட்கலாம். அதற்கும் பூட்டு இருக்கிறது. அந்தத் தவறின் உதவியால்தான் நல்ல முடிவு கிடைத்தது என்று டைரக்டர் கருதினால், ஆட்டம் முடிந்த பிறகு மதிப்பெண்ணை மாற்றலாம்.

நல்ல விதிதான், ஆனா யார் அமல்படுத்துவது?

இந்தத் திசை சரியானது. விளையாட்டு விதியின் வேலை, தடுமாறியவரை அடிப்பதல்ல. தடுமாற்றம் நடக்காமல் இருந்திருந்தால் ஆட்டம் எங்கே போயிருக்குமோ அங்கே கொண்டுபோய் விடுவது. கண் தவறி அட்டையை மாற்றி எடுத்தவரும், திட்டமிட்டு ஏமாற்றியவரும் ஒன்றல்ல.

ஆனாலும் இதற்கு ஒரு விலை உண்டு. பழைய விதியில் டைரக்டர் புத்தகத்தைத் திறந்து வாசித்தால் போதும். இப்போது அவர் தவறு செய்தவரை மேஜையிலிருந்து தள்ளி அழைத்துப்போய், “என்ன சொல்ல நினைச்சீங்க?” என்று கேட்க வேண்டும். அந்த ஜோடியின் ஏல முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு ஏலங்களின் அர்த்தத்தையும் ஒப்பிட வேண்டும். பெரிய போட்டிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருப்பார்கள். வாரக் கடைசியில் கூடும் ஒரு கிளப்பில் நிலைமை அப்படியில்லை. அங்கே டைரக்டரும் கையில் 13 சீட்டோடு பக்கத்து மேஜையில் ஆடிக்கொண்டிருப்பார். ஒரே சம்பவத்துக்கு இரண்டு கிளப்பில் இரண்டு தீர்ப்பு வருவது இதனால்தான்.

அதற்காகப் பழைய விதிக்குத் திரும்ப வேண்டியதில்லை. அதிகம் நடக்கும் பத்துப் பன்னிரண்டு தவறுகளுக்கு ‘இது ஒப்பானது, இது ஒப்பானதல்ல’ என்று ஒரு பக்கப் பட்டியல் போட்டு எல்லா கிளப்புகளுக்கும் கொடுத்தாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

பாஸ்னா பலம், ஏலம்னா பலவீனம்!

தவறுகளைவிடச் சூடான விவாதம் இன்னொன்று: தெரிந்தே, திட்டமிட்டுப் பேசும் புதுப் புது மொழிகளை எந்த அளவுக்கு அனுமதிப்பது?

வழக்கமாக, கை மோசமென்றால் பாஸ், நன்றாக இருந்தால் ஏலம். 1970, 80-களில் போலந்து வீரர்கள் இதைத் தலைகீழாகத் திருப்பினார்கள். நல்ல கை வந்தால் பாஸ்! ஒன்றுமே இல்லாத கை வந்தால்தான் ஏலம் சொல்லித் தொடங்குவது! ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கமும் இது பரவியது. ‘ஃபோர்ஸிங் பாஸ்’ என்று பெயர். பைத்தியக்காரத்தனம் போலத் தெரிந்தாலும் கணக்கு சரிதான். பாஸ் என்பது ஏலத்தில் இடமே பிடிக்காத அழைப்பு. நல்ல கையை அதில் அடக்கிவிட்டால் மீதி 35 ஏலங்களும் விவரம் பேசக் கிடைக்கும். அதே நேரம், எதிரணி இதுவரை படித்த பாடம் எதுவும் அங்கே உதவாது.

பிரச்சினையும் அங்கேதான். ஒரு ஜோடி மாதக்கணக்கில் தயாரித்த மொழியை, எதிரணி முதல்முறையாக மேஜையில் சந்திக்கிறது. ஜோடிகள் போட்டியில் இரண்டு மூன்று கைகள் ஆடிவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விடுவார்கள். அந்தப் பத்து இருபது நிமிடத்தில் யாரால் தற்காப்பு யோசிக்க முடியும்? சீட்டு ஆடும் திறமை தோற்று, ‘ஷாக்’ கொடுக்கும் திறமை ஜெயிக்கிறது என்று குற்றச்சாட்டு எழுந்தது.

உலக அமைப்பு இதற்கு நிறங்களால் பதில் சொன்னது. இயல்பான ஏல முறைக்குப் பச்சை, வலுவான கிளாவர் அல்லது டைமண்ட் தொடக்கத்தை அடிப்படையாகக் கொண்டவற்றுக்கு நீலம், மற்ற செயற்கை முறைகளுக்குச் சிவப்பு, ஃபோர்ஸிங் பாஸ் போன்ற ‘மிகவும் அசாதாரண’ முறைகளுக்கு மஞ்சள். மஞ்சள் வகைக்கு அநேகமாக எல்லா இடத்திலும் கதவு அடைப்பு. உலக அளவிலான மிக உயர்ந்த அணிப் போட்டிகளில் மட்டும், முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, நிபந்தனைகளோடு ஆடலாம்.

நேற்றைய வம்பு, இன்றைய பாடம்

‘அப்படியே தடை செய்துவிட்டால் தொல்லை இல்லையே’ என்பவர்களுக்கு வரலாறு சில கதைகளை வைத்திருக்கிறது. 1930-களில் இன்டியானாபோலிஸைச் சேர்ந்த ஈஸ்லி பிளாக்வுட், 4 நோ ட்ரம்ப் என்று சொல்லி பார்ட்னரிடம் எத்தனை ஏஸ் இருக்கிறது என்று கேட்கும் முறையை எழுதி, புகழ்பெற்ற பிரிட்ஜ் பத்திரிகை ஒன்றுக்கு அனுப்பினார். நிராகரித்துவிட்டார்கள். இன்று உலகத்தில் பிளாக்வுட் தெரியாத பிரிட்ஜ் ஆட்டக்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1957 வாக்கில் அமெரிக்காவில் ஆல்வின் ராத் அறிமுகப்படுத்திய நெகட்டிவ் டபுளுக்கு, அந்த ஆண்டு விண்ணுக்குப் போன ‘ஸ்புட்னிக்’ பெயரையே வைத்தார்கள். அவ்வளவு வினோதமாகத் தெரிந்தது. இப்போது அது தொடக்கநிலைப் பாடம்.

புதுமை என்றாலே அநியாயம் என்று அன்றே முத்திரை குத்தியிருந்தால் இன்றைய பிரிட்ஜே இருந்திருக்காது. எனவே ‘புதியதா, பழையதா’ என்பதை அளவுகோலாக வைக்க முடியாது. ‘எதிரணிக்குத் தயாராக நேரமும் தகவலும் கிடைத்ததா’ என்பதுதான் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஒரே ஏலம், ஊருக்கு ஒரு சட்டம்

இதற்குச் சரியான உதாரணம் ‘மல்ட்டி 2 டைமண்ட்’. 1960-களில் பிரிட்டனில் பிறந்தது. 2 டைமண்ட் என்று தொடங்குவார்கள். டைமண்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஹார்ட்ஸ் அல்லது ஸ்பேட், இரண்டில் ஏதோ ஒன்றில் 6 சீட்டு இருக்கிறது, பாயிண்ட் குறைவு என்பதுதான் பொதுவான அர்த்தம். எந்த ரகம் என்பது பார்ட்னருக்கும் தெரியாது, எதிரணிக்கும் தெரியாது. பிரிட்டிஷ் கிளப்புகளில் இது டீ, பிஸ்கட் மாதிரி சாதாரணம். வட அமெரிக்காவிலோ இது உயர்மட்டப் போட்டிகளுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட ‘ஆபத்தான’ பொருள். ஒரே ஏலம், அட்லான்டிக்கின் இந்தக் கரையில் பாடம், அந்தக் கரையில் தடை!

அமெரிக்க கான்ட்ராக்ட் பிரிட்ஜ் லீக் 2018 இறுதியில் தன் பட்டியல்களை மொத்தமாக மாற்றி எழுதியது. பழைய பட்டியல்களுக்குப் பதிலாக பேசிக், பேசிக் பிளஸ், ஓப்பன், ஓப்பன் பிளஸ் என நான்கு படிகள். கீழ்ப்படிகளில் பட்டியலில் இருப்பதை மட்டும் ஆடலாம். மேல்படிகளில், தடை செய்யப்பட்டவை தவிர எல்லாமே ஆடலாம். இந்தச் சிறிய தலைகீழ் மாற்றம் முக்கியமானது. புதியவருக்குப் பாதுகாப்பு, தேர்ந்தவருக்குச் சுதந்திரம் என்ற கொள்கை அதில் இருக்கிறது.

இன்னொரு நல்ல விஷயம், ‘வலுவான கை’ என்றால் என்ன என்பதை அது எண்களால் வரையறுத்தது. இது ஏன் தேவைப்பட்டது? ஒருவரிடம் ஏஸ், கிங், குயீன், ஜாக், 10 உட்பட 8 ஸ்பேட் இருக்கிறது, மற்ற ரகங்களில் உருப்படியாக ஒன்றுமில்லை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10 பாயிண்ட்தான். ஆனால் ‘எனக்கு 8 பிடி நிச்சயம்’ என்று சொல்லி, மிக வலுவான கைக்கு உரிய ‘2 கிளாவர்’ தொடக்கத்தை அவர் சொல்லிவிடுவார். எஞ்சிய 30 பாயிண்டும் மற்ற மூவரிடம் கிடக்க, எதிரணி ‘வலுவான கையாம்’ என்று நம்பி ஒதுங்கிவிடும். புதிய வரையறையில் அந்தக் கை தேறாது. சண்டைக்கு இடமில்லை, எண்ணிப் பார்த்தால் முடிந்தது.

சொல்லாவிட்டால் தப்பு, சொன்னாலும் சிக்கல்

மொழியை அனுமதிப்பது பாதிதான். அதை எதிரணிக்குத் தெரிவிப்பது மீதி. அதற்கு வந்ததுதான் ‘அலர்ட்’. பார்ட்னர் ஒரு குறியீட்டு ஏலம் சொன்னால், மற்றவர் “அலர்ட்” என்று சொல்லி எதிரணியை உஷார்படுத்த வேண்டும். கேட்டால் விளக்க வேண்டும். எதையெல்லாம் அலர்ட் செய்ய வேண்டும், எதையெல்லாம் கேட்காமலே அறிவித்துவிட வேண்டும் என்ற பட்டியலையும் அமெரிக்க லீக் 2021 ஜனவரியிலிருந்து புதுப்பித்தது.

ஆனால், இந்த ஏற்பாட்டிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. எதிரணிக்குச் சொல்லும் விளக்கத்தைப் பார்ட்னரும் கேட்கிறார். ஒருவர் ஒரு நினைப்பில் ஏலம் சொல்ல, பார்ட்னர் அதற்கு வேறு அர்த்தம் சொன்னால், ‘அடடா, இவர் மறந்துட்டாரே’ என்று சொன்னவருக்கு உடனே தெரிந்துவிடும். அந்தத் தகவலை அவர் பயன்படுத்தக் கூடாது என்கிறது 16-வது விதி. கேட்டதைக் கேட்காததுபோல் ஆட வேண்டும்! யோசித்துத் தயங்குவதும் இதே கணக்குதான். அரை நிமிடம் யோசித்துவிட்டு பாஸ் போட்டால், ‘ஏதோ இருக்கு’ என்ற செய்தி போய்விடுகிறது. மனசாட்சியை மட்டும் நம்பி எழுதப்பட்ட விதிகளில் மிகக் கடினமானது இது.

இணைய பிரிட்ஜ் இந்த முடிச்சைச் சத்தமில்லாமல் அவிழ்த்துவிட்டது. அங்கே ஏலம் சொன்னவரே தன் ஏலத்துக்கு விளக்கத்தைத் தட்டச்சு செய்கிறார். எதிரணிக்கு மட்டும் தெரியும், பார்ட்னருக்குத் தெரியாது. குறைவான ஏலத்தையோ முறை தவறிய ஏலத்தையோ மென்பொருள் ஏற்கவே ஏற்காது. 27-வது விதிக்கே அங்கே வேலையில்லை. கொரோனா காலத்தில் கிளப்புகள் மூடிக் கிடந்தபோது ஏராளமானோர் இப்படித்தான் ஆடினார்கள். மேஜைக்குத் திரும்பிய பிறகு பழைய அலர்ட் முறையையே தொடர்வது, யுபிஐ பழகியவரைச் சில்லறைக்காக அலைய விடுவதுபோல்தான்.

சென்னை சொன்ன பாடம்

2015 செப்டம்பர், அக்டோபரில் பெர்முடா பவுல் உலகப் போட்டி சென்னையில் நடந்தது. இறுதியில் ஸ்வீடனை வென்று போலந்து பட்டம் பெற்றது. ஆனால், அந்தப் போட்டி தொடங்கும் முன்பே பிரிட்ஜ் உலகம் ஆடிப்போயிருந்தது. நார்வே வீரர் போயே புரோகலாண்ட் அந்தக் கோடையில், முன்னணி ஜோடிகள் சில ரகசியச் சைகைகளால் ஏமாற்றுவதாகப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். இணையத்தில் கிடந்த ஆட்ட வீடியோக்களை ஆட்டக்காரர்களே பிரேம் பிரேமாக அலசினார்கள். தகுதி பெற்றிருந்த சில அணிகள் சென்னைக்கு வரவே இல்லை.

பார்ட்னர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி மேஜைக்குக் குறுக்கே திரை வைக்கும் வழக்கம் 1975 முதல் உலகப் போட்டிகளில் இருக்கிறது. வாய்மொழிக்குப் பதில் ஏல அட்டைகள் வந்துவிட்டன. எல்லாம் இருந்தும் இந்தச் சந்தேகம் எழுந்தது.

இதிலிருந்து சிலர் எடுத்த முடிவு, ‘குறியீடுகளே வேண்டாம், எல்லாவற்றையும் சுருக்குங்கள்’ என்பது. அது தப்பான பாடம். ஏமாற்றுபவருக்குச் சிக்கலான ஏல முறை தேவையே இல்லை. சீட்டை எப்படி வைக்கிறார் என்பதே போதும். விதிகளுக்கு உட்பட்ட குறியீட்டுக்கும் மோசடிக்கும் நடுவே உள்ள கோடு ஒன்றே ஒன்றுதான்: அது எதிரணிக்குத் தெரியுமா, தெரியாதா? எவ்வளவு சிக்கலான மொழியும் திறந்து வைக்கப்பட்டால் நேர்மையானது. எவ்வளவு எளிய சைகையும் மறைக்கப்பட்டால் திருட்டு.

அப்போ என்னதான் செய்யலாம்?

• படி வைக்க வேண்டும். புதியவர்கள் ஆடும் போட்டியில் எளிய பட்டியல், திறந்த போட்டியில் ‘தடை இல்லாதது எல்லாம் ஓகே’. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது.
• நேரம் தர வேண்டும். அசாதாரண முறை ஆடுபவர்கள் அதன் விளக்கத்தையும், அதற்கு எதிரான தற்காப்புக் குறிப்பையும் முன்பே தர வேண்டும். தற்காப்புக் குறிப்பை மேஜையிலேயே பார்த்து ஆடலாம் என்ற சலுகை எதிரணிக்கு வேண்டும்.
• சொன்னவரே விளக்கட்டும். இணையத்தில் இருக்கும் முறையை டேப்லெட் மூலமோ எழுதிக் காட்டியோ கிளப்புக்கும் கொண்டுவரலாம். பார்ட்னர் கேட்கும் பிரச்சினையே தீர்ந்துவிடும்.
• டைரக்டருக்குப் பயிற்சி வேண்டும். ஒப்பான அழைப்பு போன்ற விதிகள் புத்தகத்தில் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், மேஜையில் நிற்பவருக்குப் புரியாவிட்டால் பயனில்லை.

இது எங்கோ நடக்கும் விவாதமில்லை. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை இந்தியாவுக்குத் தங்கம் வென்றது. அப்போது பர்தனுக்கு வயது 60. ஹாங்சோவில் 2023-ல் நடந்த அடுத்த ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி வெள்ளி வென்றது. 60 வயதில் சர்வதேசத் தங்கம் வெல்ல முடிகிற ஆட்டம் இது. ஆனால், 25 வயதில் ஒருவர் உள்ளே வந்தால்தான் 60 வயதில் அவர் அங்கே இருப்பார்.

முதல் மாதம் கிளப்புக்கு வந்து, 2 நோ ட்ரம்பை 1 நோ ட்ரம்ப் என்று பார்த்துவிட்டு, ‘2 கிளாவர்’ அட்டையை வைத்துவிட்ட அந்த ஆளை மறுபடி நினைத்துப் பார்க்கலாம். அவரிடம் “உங்க பார்ட்னர் இனி பேசக் கூடாது” என்று சொல்வதா, “மூணுன்னு மாத்திக்கோங்க, ஆடலாம்” என்று சொல்வதா? விதிகள் இரண்டாவது பதிலை நோக்கி நகர்ந்திருக்கின்றன. அடுத்த வாரம் அவர் அதே நாற்காலிக்குத் திரும்பி வருவதற்கு அது போதும்.